சுமைச் சோதனை

முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறரை மேலே ஏற்றுவதையும் கீழே இறக்குவதையும் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், ஓய்வு பெற்றபின் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தார். வீடு வாங்கிய காலத்தில் அவருக்கு வயது முப்பத்தைந்து. மாடி உயர உயர விலை தாழ்ந்துகொண்டே சென்றமையால், அவருடைய கையிருப்புக்கு எட்டிய மாடி நான்காவதாக அமைந்தது. "கால் இருக்கிறப்போ லிஃப்ட் எதுக்கு?" என்று அன்று கேட்டவர் அவருடைய மனைவி. அந்தக் கேள்வியை இன்று அவருக்கு நினைவூட்ட ஒருவரும் துணிவதில்லை. கணவர் ஒரே ஒருமுறை துணிந்தார். அதன்பின் இரண்டு நாள்கள் அவரே சமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கட்டடத்தில் எல்லோரும் அவரை லிஃப்டுக்காரர் என்றே அழைத்தனர். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று அவர் ஆராயவில்லை.

வாசற்கதவு முதல் தெருவரை அறுபத்தெட்டுப் படிகள். அவருக்கு அவை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மனைவியின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. மாடிப்படியைத் தவிர்க்குமாறு கூறிய மருத்துவரிடம், "அப்ப ஜன்னல் வழியா இறங்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தார் அந்த அம்மாள். வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் கீழே இறங்குவார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கணவர் ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தார். அதில் அமர்ந்து, மூச்சு வாங்கி, கட்டடம் கட்டியவனின் பரம்பரையை ஒருமுறை வாழ்த்திவிட்டு மீதிப் படிகளில் கால் வைப்பார்.

பணி முடிந்த நாளில் நிறுவனம் லிஃப்டுக்காரருக்குக் கொடுத்தது மொத்தமாக இருபத்திரண்டு லட்சம். மாதாமாதம் ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. அத்தொகையை அவர் நான்காகப் பிரித்தார். மூன்று பங்குகளை ஒரு வங்கியிலும், நாலு லட்சமான நான்காம் பங்கை மட்டும் வேறொரு வங்கியிலும், வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும்படி வைப்பில் போட்டார். ஒரே கயிற்றில் தொங்கும் லிஃப்டை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. குறைந்தது நான்கு கயிறாவது இருக்கும். பணத்திற்கும் அப்படியே செய்தார். நான்கு ரசீதுகளிலும் இருவர் பெயரும் இருந்தன. நாலு லட்சம் மருத்துவமனைக்கு என்பது வீட்டுச் சட்டம். அதை இருவரும் தொடுவதில்லை. எல்லாவற்றின் வட்டியும் மாதந்தோறும் வந்து, மாதந்தோறும் செலவாயிற்று. மிஞ்சுவதில்லை, கையைக் கடிப்பதும் இல்லை.

இந்நிலையில் தரைத்தள வீடு விலைக்கு வந்தது.

அதன் உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தவர், செவ்வாய்க்கிழமை ஒன்றில் லிஃப்டுக்காரரின் மனைவியைப் படியடியில் சந்தித்தார். "வெளியாளுக்குக் குடுக்க மனசில்ல. நீங்க வாங்கிக்கறதா இருந்தா அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்கேன்" என்றார். மேல்வீட்டை விற்றுக் கீழ்வீட்டை வாங்கினால், மேற்கொண்டு பதினான்கு லட்சம் வேண்டும். பணம் இருந்தது. ஆனால் அதை எடுத்தால் வட்டி போகும். வட்டி போனால் சோறு போகும். லிஃப்டுக்காரர் மூன்று மாலைகள் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒவ்வொரு மாலையும் அதே விடை வந்தது.

"வட்டி ஏறுறதுக்குள்ள வெல ஏறிடுது. நம்ம பணம் தூங்குது, நாம முழிச்சிட்டிருக்கோம்" என்றார் மனைவி.

கணவர் கணக்குக் காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆகவே கண்ணாடிக்காரர் என்றால் உறவினர் அனைவருக்கும் தெரியும். அறுபத்தெட்டுப் படிகளையும் ஏறி வந்து, பேச முடியாமல் கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார்.

"ஏண்டா, நாய் துரத்துச்சா?" என்றார் அக்காள்.

"இல்லக்கா. உன்னத் தரையில இறக்கணும்னு ஓடி வந்தேன்."

தண்ணீர் குடித்தபின் அவர் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு நிதி நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார். மாதம் நூற்றுக்கு ஐந்து.  லிஃப்டுக்காரர் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தார். வங்கி ஓராண்டு முழுவதும் சுமந்து பெற்றுத் தருவதை இந்நிறுவனம் ஆறே வாரத்தில் பெற்றுத் தந்தது.

"இவ்ளோ எங்கிருந்துடா வருது, மாப்ள?"

"அத்தான், உங்களுக்கு மோட்டார் தெரியும். அவங்களுக்கு மார்க்கெட் தெரியும். லிஃப்ட்ல ஏறுறவன் மோட்டாரத் தெறந்து பாத்துட்டா ஏறுறான்?"

இந்தக் கேள்விக்கு நல்ல விடை இருந்தது. அப்போது அது லிஃப்டுக்காரரின் நாவில் வரவில்லை. ஏனெனில் அவருடைய எண்ணம் வேறு தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழுது பார்த்து முடித்து, பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எவரோ, அவரே அந்த லிஃப்டில் முதலில் ஏற வேண்டும். தான் ஏறத் தயங்கும் ஒன்றில் பிறரை ஏற்றக் கூடாது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் இதை ஒருமுறையும் மீறியதில்லை. மனிதரையும் அவர் இந்த ஒரே அளவுகோலால் அளந்து வந்தார்.

"நீ ஏறினியா?" என்று கேட்டார்.

"பத்து லட்சம்! கடையில பாதிப் பங்க வித்தது அப்படியே அதுல இருக்கு. பதினோரு மாசம் ஆச்சு. இந்தாங்க, நீங்களே பாருங்க."

கைப்பேசியில் பதினைந்தரை லட்சம் என்று காட்டியது. முதல் இரண்டு மாதம் பணத்தைக் கையில் வாங்கியதாகவும், பின்னர் அவர்கள் சொன்னபடி வாங்காமல் அதிலேயே விட்டதாகவும் கண்ணாடிக்காரர் விளக்கினார். "குட்டி போட்டுட்டே இருக்கு, அத்தான்!"

லிஃப்டுக்காரர் மைத்துனரின் முகத்தை நோக்கினார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. கையெழுத்திட்டவர் ஏறியிருக்கிறார். சோதனை முடிந்தது என்று அவர் கருதினார். இதுவே அவர் செய்த பிழை. வேறு தொழில் செய்தவர் இப்பிழையைச் செய்திருக்க மாட்டார்.

பதினெட்டு லட்சத்தை அங்கே போட்டால், வீட்டுச் செலவு போக, பத்தொன்பது மாதத்தில் பதினான்கு லட்சம் சேரும். ஆசிரியை கொடுத்த தவணைக்கு அது இம்மி பிசகாமல் பொருந்தியது. மருத்துவமனைப் பணம் நாலு லட்சத்தை மட்டும் தொடக் கூடாது என்று மனைவி சொன்னார். அதைத் தவிர அவர் வேறெதையும் சொல்லவில்லை. மறுநாளே இடுப்பில் கைவைத்து மெல்ல இறங்கி, ஆசிரியையிடம், "எங்களுக்குத்தான், டீச்சர். வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று செவ்வாய்க்கிழமை அல்ல.

புதன்கிழமை காலை லிஃப்டுக்காரர் வங்கிக்குச் சென்றார். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி மூன்று ரசீதுகளையும் வாங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார்.

"முன்னாடியே உடைச்சா வட்டியில பிடிப்பாங்க. தெரியுமில்ல சார்?"

"தெரியும்."

"மூணையுமா?"

"மூணையும்தான்."

"என்ன விஷயமா எடுக்கறீங்கன்னு கேக்கச் சொல்லியிருக்காங்க. வயசானவங்க பெரிய தொகை எடுத்தா கேக்கணும்."

"வீட்டு விஷயம்" என்றார் அவர். பொய் அல்ல என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

பெண்மணி படிவங்களில் இருவர் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அவற்றை உடனே உள்ளே அனுப்பாமல் ஒரு தட்டில் வைத்தார். "நாலு மணிக்குத்தான் எல்லாத்தையும் சேர்த்துப் போடுவேன். அதுக்குள்ள மனசு மாறினா ஃபோன் பண்ணுங்க. நாலுக்கு மேல என் கையில இல்ல" என்று எண்ணை எழுதிக் கொடுத்தார். மனம் மாறுவதற்கு இதில் ஒன்றுமில்லை என்று எண்ணியபடியே லிஃப்டுக்காரர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார்.

நிதி நிறுவனம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தது. பதிவு செய்ய மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் புதுச் சட்டை அணிந்து வாசலில் நின்றார். இருவரும் லிஃப்டில் ஏறினர். உள்ளே மூன்று பக்கமும் ஆடி, மெல்லிய இசை, பித்தளைப் பொத்தான்கள். உடன் ஏறிய இருவர் ஆடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டனர்.

லிஃப்டுக்காரர் பழக்கத்தால் பொத்தான்களுக்கு மேலே பார்த்தார். அங்கே சோதனைச் சான்று ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. அதன் காலம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏழாம் மாடியில் லிஃப்ட் நின்றது. நின்றபின் இரண்டு விரற்கடை கீழே இறங்கி மறுபடியும் நின்றது. பிரேக் தேய்ந்திருக்கிறது என்று அவருடைய பாதங்கள் அவருக்கு அறிவித்தன.

"என்னமா வழுக்கிட்டு வருது, பாத்தீங்களா அத்தான்! தினம் ஐந்நூறு பேர் ஏறுறாங்களாம்."

"ஏறும்போது எல்லா லிஃப்டும் நல்ல லிஃப்டுதான், மாப்ள."

இதைச் சொன்னபின் அவர் கதவருகே சற்று நின்றுவிட்டார். தம் வாயிலிருந்து வந்த வார்த்தை தமக்கே புதிதாகக் கேட்டது.

கையெழுத்திட்டவர் முதலில் ஏற வேண்டும் என்பது தொழிலின் இரண்டாம் விதி. முதல் விதி ஒன்று அதற்கு முன்னால் உண்டு. அது நாள்தோறும் செய்வதாகையால் அதை விதி என்று கருதும் வழக்கமே அவருக்கு அற்றுப் போயிருந்தது. ஆளை ஏற்றுமுன் இரும்புக் கட்டிகளை ஏற்றுவார்கள். தாங்கும் எடைக்கும் மேலாகவே ஏற்றி, வேண்டுமென்றே கீழ்நோக்கி வேகமாக விட்டு, அடியிலுள்ள இரும்புப் பிடிகள் தண்டவாளத்தைக் கவ்வுகின்றனவா என்று பார்ப்பார்கள். மேலே ஏறுவது மோட்டாரின் வேலை. அதை வைத்துப் பிடியை அறிய முடியாது. ஒன்பது ஆண்டுகள் ஒரு குறையுமின்றி ஓடிய லிஃப்ட் ஒன்றை அவர் சோதித்திருக்கிறார். குடியிருந்தவர் அத்தனை பேரும் அதற்கு நற்சான்று வழங்கினர். நாற்பது இரும்புக் கட்டிகளோடு அது நேராகப் பள்ளத்தில் போய் விழுந்தது.

மைத்துனர் பதினோரு மாதமாக ஏறிக்கொண்டே இருக்கிறார். ஒருமுறையும் இறங்கிப் பார்க்கவில்லை.

மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். கழுத்துப்பட்டை, கனிந்த முகம், நாக்கில் தேன். "ஐயா, உங்களப் பத்தி இவர் நெறைய சொல்லியிருக்கார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. படிவம் வந்தது. பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

லிஃப்டுக்காரர் பேனாவை வாங்கி, மூடியைத் திருப்பிக் கேட்டு வாங்கி, மூடி வைத்தார்.

"ஒரு சின்ன விஷயம். இவர் பணத்துல ஒரு லட்சம் மட்டும் இன்னிக்கு எடுத்துப் பாக்கணும். வந்துட்டா, அடுத்த நிமிஷம் நான் கையெழுத்துப் போடுறேன்."

மேலாளர் சிரித்தார். "எதுக்குங்க ஐயா? வளர்ற செடியப் பிடுங்கியா வேர் பாப்பாங்க?"

"செடியப் பத்தி எனக்குத் தெரியாது. லிஃப்டுன்னா இறக்கிப் பாப்போம்."

"அத்தான்!" என்று கண்ணாடிக்காரர் அடிக்குரலில் அதட்டினார். "மானத்த வாங்காதீங்க. இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க."

"உன் பணம்தானே கேக்குறேன், அவங்க பணத்தையா?"

மேலாளர் கணினியைத் தட்டிப் பார்த்தார். இன்றைக்கு இணைப்பு மெதுவாக உள்ளது என்றார். பிறகு, இந்த மாதம் எடுத்தால் ஊக்கத்தொகை கைநழுவும் என்றார். பிறகு, பணத்தை எடுப்பதற்கு நாற்பத்தைந்து நாள்களுக்கு முன்பே எழுதித் தர வேண்டும் என்றார். மூன்று காரணங்கள் ஐந்து நிமிடத்தில் வந்தன. அவற்றுள் ஒன்று உண்மையாக இருந்தால் மற்ற இரண்டும் தேவையில்லை என்பதை லிஃப்டுக்காரர் மனத்தில் குறித்துக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சு நாளா? யாரும் எங்கிட்டச் சொல்லலயே" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒன்பதாம் பக்கத்துல இருக்கு, சார். நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

ஒன்பதாம் பக்கம் எறும்பு வரிசை போன்ற எழுத்தில் இருந்தது. கண்ணாடிக்காரர் தாளை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், சட்டைப்பையைத் தடவினார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுபவர் தம் கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். லிஃப்டுக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அது மைத்துனர் கடையிலேயே வாங்கியது.

"பொடி எழுத்த வாசிக்க வைக்கிறதுதானே மாப்ள உன் தொழிலே."

கண்ணாடிக்காரர் படித்தார். படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது. அவகாசம் நாற்பத்தைந்து நாள். அதற்குமேல், இடையில் எடுத்தால் அசல் மட்டும், அதுவும் "நிறுவனத்தின் வசதியைப் பொறுத்து". அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அது நிறுவனத்தின்மேல் திரும்பாமல், அருகில் அமர்ந்திருந்தவர்மேல் திரும்பியது.

"சரி. எழுதித் தரேன். மொத்தத்தையும் எடுத்துக் காட்டுறேன். உங்க முன்னாடி கொண்டுவந்து வைக்கிறேன், அத்தான். அப்ப உங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பீங்கன்னு பாக்கறேன்!"

"சார், லாபம் போயிடுமே" என்றார் மேலாளர்.

"போகட்டும். மறுபடியும் போட்டுக்கறேன். இவருக்குக் காட்டணும்."

ரோஷத்தில் எழுதப்பட்ட அந்த விண்ணப்பத்தில் தேதி முத்திரை குத்தி நகல் கேட்டு வாங்கியவர் லிஃப்டுக்காரர். பதிவேட்டில் நகல் எடுப்பது அவர் கைப்பழக்கம். வெளியே வந்ததும் வங்கிப் பெண்மணிக்குத் தொலைபேசி செய்தார். மணி மூன்று நாற்பத்திரண்டு.

"கிழிச்சிடவா, சார்?"

"கிழிச்சிடுங்க."

கீழே செல்ல அவர் படிக்கட்டைத் தேர்ந்தார். மைத்துனர் லிஃப்டில் இறங்கினார். வாசலில் இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"டீச்சர்கிட்டச் சொல்லிட்டேனே."

"நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு என்ன, அறுபத்தெட்டையும் ரெண்டு ரெண்டாத் தாண்டுவீங்க. படி எண்ணுறவ நான்தானே?" என்றார். அதோடு நிற்காமல், "ஊரெல்லாம் லிஃப்ட் போட்டாரு. பொண்டாட்டிக்குப் போட்டது ஒரு முக்காலி" என்றார்.

 சோதனையில் தேறாத லிஃப்டை நிறுத்தினால் குடியிருப்போர் திட்டுவர், படியேறும்போதெல்லாம் திட்டுவர். ஓடவிட்டிருந்தால் அது விழுந்திருக்குமா என்பது எவருக்கும் தெரிய வராது. தொழிலில் அவர் அந்தத் திட்டுக்குப் பழகியிருந்தார். வீட்டில் பழகவில்லை.

நாற்பத்தேழாம் நாள் அக்காளின் கைப்பேசிக்குத் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. வங்கிக் கணக்கில் நாலு லட்சம் வரவு. கீழே ஒரு வரி: "அத்தான்கிட்டக் காட்டு. முதல் தவணை. மீதி ரெண்டு தவணையா வருதாம்."

மனைவி கைப்பேசியைக் கணவரின் தட்டருகே வைத்துவிட்டு உள்ளே சென்றார். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அதைப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை பார்த்தார். பிடி கவ்வியிருக்கிறதா, இல்லை பாதி கவ்வியிருக்கிறதா என்று அவருக்கு விளங்கவில்லை. தாம் தவறியிருக்கக் கூடும் என்ற எண்ணம் அன்று முதல் அவரோடு படியேறவும் இறங்கவும் தொடங்கியது. அடுத்த வாரம் ஆசிரியை தரைத்தள வீட்டை ஒரு பல் மருத்துவருக்கு விற்றார். சாமான்கள் இறங்குவதை மனைவி ஜன்னலிலிருந்து பார்த்தார். கணவர் பார்க்கவில்லை, மின்விசிறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு எண்ணெய் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

இரண்டாம் தவணை வரவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் ஏழாம் மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. செய்தி பரவி, கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் ஆள்கள் கூடினர். பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள். பலர் கையில் கோப்பு இருந்தது. போலீசாரிடம் எழுதிக் கொடுக்க வரிசை நின்றது. எந்த வரிசையிலும் சேராமல் லிஃப்ட் மட்டும் இசையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் நான்கு நாள் எவர் கண்ணிலும் படவில்லை. ஐந்தாம் நாள் அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டவர், இரண்டாம் மாடி வரை வந்து முக்காலியில் அமர்ந்துவிட்டார். கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த லிஃப்டுக்காரர் அவரை அங்கே கண்டார். முக்காலி ஒன்றே ஆகையால் அவர் படியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க அத்தான். 'நான் அப்பவே சொன்னேன்'னு சொல்லிடுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

"எனக்கும் முதல்ல தெரியலடா. உன்ன நம்பித்தான் வங்கியில எழுதிக் குடுத்தேன்."

"என்னையா?"

"நீ ஏறியிருக்கேன்னு சொன்ன. அது போதும்னு நெனச்சேன்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போதெல்லாம் அதை அவர் மறப்பதில்லை. "உங்க மேல இருந்த கோவத்துல எழுதிக் குடுத்தது. அந்த நாலு லட்சமாவது வந்துச்சு. இல்லன்னா அதுவும் இல்ல" என்றார். அதை நன்றி என்று சொல்வதற்கில்லை. புகார் என்றும் சொல்வதற்கில்லை.

"நகல் வெச்சிருக்கியா? தேதி முத்திரை போட்டது?"

"வெச்சிருக்கேன்."

"புகார்ல அதையும் சேர்த்துக் குடு. வருமான்னு தெரியாது. குடுத்து வை."

மேலேயிருந்து குரல் வந்தது. "யார்ரா அது படியில? ரெண்டு பேரும் அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

இருவரும் மேலே சென்றனர். தம்பியைப் பார்த்ததும் அக்காள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிக்காரருக்குக் கடையின் பாதி வருமானம்தான் இனி. மாதாமாதம் ஒரு தொகை கைக்கு வந்தால் சமாளிக்கலாம். அது எங்கிருந்து வரும் என்பதே தெரியவில்லை. இதை அவர் தண்ணீரிடம் சொல்வதுபோலக் குனிந்து சொன்னார்.

லிஃப்டுக்காரர் எழுந்து, பழைய கணக்குக் காகிதத்தின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். வாங்குவது என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தாம் மூன்று மாலைகளை வீணாக்கியது அவருக்கு அப்போதுதான் புலப்பட்டது.

"மாப்ள, உன் வீட்டு முன்பக்கம் ரெண்டு ரூம் இருக்கே. என்ன பண்ற?"

"பழைய ஃபிரேம் பெட்டி போட்டு வெச்சிருக்கேன். ஏன்?"

"எத்தன படி?"

"படியா? வாசல்ல ஒண்ணு."

"இந்த வீட்ட வாடகைக்கு விடுறோம். நாலாவது மாடிக்குக் கொறச்சலாத்தான் தருவாங்க. மேல கொஞ்சம் போட்டு உனக்கு வாடகை குடுத்துட்டு அந்த ரெண்டு ரூம்ல இருக்கோம். டெபாசிட்ல கை வைக்க வேண்டாம். உனக்கும் ஒண்ணாந்தேதியானா பணம்."

"அக்காகிட்ட வாடகை வாங்குறதா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்குப் பதினஞ்சரை லட்சம் காட்டினியே, அப்ப ஊர் என்ன சொல்லிச்சு?" என்றார் அக்காள். "வாங்குடா. ரசீதும் குடுக்கணும். குழாய் ஒழுகினா நீதான் சரி பண்ணணும். அத்தான்கிட்டச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்காத."

"சொந்த வீட்ட விட்டுட்டு வாடகைக்கா வரீங்க?"

அந்தக் கேள்வி மனைவியை நோக்கியதே. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "சொந்த வீடுதான். வாசல்தான் இன்னொருத்தர் ஊர்ல இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரருக்கு வந்திருந்த நாலு லட்சத்தை மறுநாள் அவரும் லிஃப்டுக்காரரும் வங்கிக்குக் கொண்டு சென்றனர். அதே பெண்மணி இருந்தார். நாலாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி போடச் சொன்னார் லிஃப்டுக்காரர். வட்டி விகிதத்தைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் முகம் சுளித்தார்.

"ரொம்ப மெதுவா ஏறுதே, அத்தான்."

"இறங்கும்போதும் மெதுவாத்தான் இறங்கும்."

கண்ணாடிக்காரர் படிவத்தைக் கையெழுத்திடுமுன் பின்பக்கம் திருப்பினார். பொடி எழுத்து அங்கேயும் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தும் பொருட்படுத்தாமல் முழுவதையும் படித்தார். "முன்னாடியே எடுத்தா எத்தன நாள்ல வரும்?" என்று கேட்டார்.

"அன்னிக்கே வந்துடும், சார். வட்டிதான் கொறையும்."

"ஒண்ண இப்ப போட்டு இப்பவே எடுத்துப் பாக்கலாமா?"

பெண்மணி லிஃப்டுக்காரரைப் பார்த்தார். லிஃப்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து வீடு மாறினர். சாமான்கள் சென்றபின் மனைவி கடைசியாக இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் முக்காலியில் உட்காராமல், அதைக் கையில் எடுத்துக்கொண்டார். "வாடகைக்கு வர்றவங்களுக்கு இருக்கட்டுமே" என்றார் கணவர். "அவங்களுக்கு வயசு முப்பது" என்றார் அவர்.

புது இடத்தின் முதல் காலையில் லிஃப்டுக்காரர் விழித்தபோது மனைவி வீட்டில் இல்லை. ஜன்னலின் வழியாகப் பார்த்தார். தெருமுனைக் கடையிலிருந்து அவர் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார்; கையில் ஒரு தீப்பெட்டி. வாசற்படி ஒன்றையும் ஏறி உள்ளே வந்து அதை அடுப்பருகே வைத்தார். அங்கே ஏற்கனவே முழுத் தீப்பெட்டி ஒன்று இருந்தது.

"இருக்கே" என்றார் கணவர்.

"தெரியும்" என்றார் மனைவி. சிறிது நேரத்தில் உப்பு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மறுபடியும் புறப்பட்டார்.